அலைவழி வரும் நேரம்

நுழையும்முன்

நாழிகை வட்டிலின் நீரளவைக் கொண்டு பொழுதைக் கணக்கிட்டனர் நம் முன்னோர். இன்று நேரம் அறிய அலைபேசியைப் பார்க்கிறோம். அதற்குச் சாவி கொடுப்பாரும் இல்லை. முள்ளைத் திருத்துவாரும் இல்லை. ஆயினும் அது சரியான நேரத்தைக் காட்டுகிறது. அந்நேரம் எங்கிருந்து, எவ்வாறு வருகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஊருக்கொரு நண்பகல்

வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையத்தில் காலை வேளையில் பலர் காத்திருக்கின்றனர். துறைமுகத் தொழிலாளி, எம்.சி. சாலைத் துணிக்கடைப் பணியாளர், கல்லூரி மாணவி என ஒவ்வொருவர் கையிலும் ஓர் அலைபேசி. அவை வெவ்வேறு நிறுவனங்களின் தயாரிப்புகள். எனினும், அனைத்தும் ஒரே நேரத்தையே காட்டுகின்றன. இந்த ஒருமை இயல்பாக அமைந்ததன்று.

அடுத்துள்ள இராயபுரத்திலிருந்து 1856ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி வாலாஜா சாலை நோக்கிப் புறப்பட்டது. கதிரவன் உச்சிக்கு வரும் பொழுதையே அக்காலத்தில் ஒவ்வோர் ஊரும் நண்பகலாகக் கொண்டது. கிழக்கிலுள்ள ஊருக்கு அது முன்னதாகவும் மேற்கிலுள்ள ஊருக்குப் பின்னதாகவும் வரும். மாட்டுவண்டியில் சென்றோருக்கு இவ்வேறுபாடு இடையூறாக இல்லை. ஒரே பாதையில் எதிரெதிரே தொடர்வண்டிகள் ஓடத் தொடங்கியபின், நேரப் பிழை உயிருக்கே கேடாகும் நிலை உண்டாயிற்று.

நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டு அமைந்த வானாய்வு நிலையம், விண்மீன்களை நோக்கிச் சென்னையின் நேரத்தைக் கணித்தது. பின்னாளில் அந்நேரம் தந்திக் கம்பி வழியே தொடர்வண்டி நிலையங்களைச் சென்றடைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘மெட்ராஸ் நேரம்’ இந்திய இருப்புப்பாதைகளின் பொது நேரமாக விளங்கியது. கிரீன்விச் நேரத்தினும் ஐந்தரை மணி முந்திய இந்தியத் திட்ட நேரம் 1906 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஓரிடத்தில் நேரத்தைக் கணித்துத் தொலைவிலுள்ள கடிகாரங்களுக்கு அனுப்பும் அம்முறையே அலைபேசியிலும் தொடர்கிறது. அன்று கம்பி, இன்று அலை.

எண்ணும் படிகம்

அலைபேசிக்குள் சிறிய குவார்ட்ஸ் படிகம் ஒன்று உள்ளது. நேரத்தைக் கணக்கிடும் படிகம் பொதுவாக வினாடிக்கு 32,768 முறை அதிரும். அவ்வதிர்வுகளை எண்ணியே அலைபேசி நேரத்தை நகர்த்துகிறது. சுரங்க நிலையத்தில் அலைத்தொடர்பு அறுந்தாலும் கடிகாரம் நிற்பதில்லை. ஆனால், வெப்பம் மாறும்போது அதிர்வும் சற்றே மாறும். நாளொன்றுக்கு ஓரிரு வினாடி பிழை சேர்ந்தாலும், ஓராண்டில் அது சில நிமிடங்களாகிவிடும். படிகத்திற்கு நேரத்தை எண்ணத் தெரியும். சரியான நேரம் எது என்பது தெரியாது. அதனை வெளியிலிருந்தே பெற வேண்டும்.

கோபுரமும் இணையமும்

அலைபேசியை இயக்கியதும் அது அருகிலுள்ள கோபுரத்தின் வழியாக வலையமைப்பில் தன்னைப் பதிவுசெய்துகொள்கிறது. அப்போது தேதி, நேரம், நேர மண்டலம் ஆகியவற்றை வலையமைப்பு ஒரு சிறு செய்தியாக அனுப்ப இயலும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சென்று இறங்கியவரின் அலைபேசி, தானாகவே இரண்டரை மணி நேரம் முன்னே செல்வது இதனால்தான்.

இணையத்திலுள்ள நேர வழங்கியிடமும் அலைபேசி நேரத்தைக் கேட்கும். விடை வந்துசேரவும் சிறிது நேரம் ஆகுமல்லவா? அதற்கும் ஒரு கணக்கு உண்டு. அலைபேசி தன் கடிகாரப்படி சரியாக 7 மணிக்குக் கேட்கிறது, 0.1 வினாடியில் விடை வருகிறது. அதில் ‘7 மணி 2 வினாடி’ என்றுள்ளது. போகவும் வரவும் சம நேரம் எனக் கொண்டால், விடை வரும் பயணம் 0.05 வினாடி. எனவே, விடை வந்த கணத்தின் சரியான நேரம் 7 மணி 2.05 வினாடி. அலைபேசியோ 7 மணி 0.1 வினாடி எனக் காட்டுகிறது. தான் 1.95 வினாடி பின்தங்கியிருப்பதை அது உணர்ந்து திருத்திக்கொள்கிறது.

விண்ணில் ஒரு கடிகாரம்

வலையமைப்புக்கு நேரம் தருவது எது? வழிகாட்டும் செயற்கைக்கோள்களில் அணுக்கடிகாரங்கள் உள்ளன. அவற்றின் அலைகளைக் கோபுரங்களில் பொருத்திய கருவிகள் பெறுகின்றன. ஒரே அலைவரிசையில் அனுப்புதலும் பெறுதலும் மாறிமாறி நிகழும் வலையமைப்புகளில், அருகருகே உள்ள கோபுரங்கள் வினாடியின் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ மூன்று பங்கு அளவுக்குள் ஒத்தியங்க வேண்டும். பிறழ்ந்தால் ஒன்றின் பேச்சை மற்றொன்று குலைத்துவிடும். அலைபேசியின் நேரம் பெரிதும் பிழைபட்டால், பாதுகாப்பான இணையத்தளங்கள்கூடத் திறக்க மறுக்கும்.

இத்தகைய நேரத்திற்கு ஒரு நாடு பிற நாட்டின் செயற்கைக்கோளையே நம்பியிருப்பது தகுமா? இந்தியத் திட்ட நேரத்தைப் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக்கடிகாரங்களைக் கொண்டு பேணுகிறது. நம் வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் முதலில் சுமந்தவை அயல்நாட்டு அணுக்கடிகாரங்கள்; அவற்றுள் சில பழுதடைந்தன. பின்னர், உள்நாட்டில் உருவான ருபீடியம் அணுக்கடிகாரத்தைச் சுமந்து, என்.வி.எஸ்.-01 என்னும் செயற்கைக்கோள் 2023 மே 29 அன்று விண்ணுக்குச் சென்றது. அது புறப்பட்ட ஸ்ரீஹரிகோட்டா, எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் உள்ளது. தந்திக் கம்பி வழியே நாட்டுக்கு நேரம் சொன்ன இக்கடற்கரையின் வடபகுதியிலிருந்தே, நாட்டின் புதிய கடிகாரமும் புறப்பட்டது.

தெரிந்து தெளிவோம்

சென்னை வானாய்வு நிலையத்தில் 1792ஆம் ஆண்டு நிறுவிய கருங்கல் தூண், நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் உள்ளது. அதன் கல்வெட்டு மொழிகளுள் தமிழும் ஒன்று.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தை ஒரு மாதம் வாரந்தோறும் அலைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை அட்டவணைப்படுத்துக.
2. ‘நாட்டுக்கெனச் சொந்த நேரமூலம் தேவை’ என்னும் பொருளில் வகுப்பில் கலந்துரையாடுக.