ஒட்டுப்போர்வை தைக்குமுன்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கள்ளக்குறிச்சியில் தையல் தெரிந்த பெண்களுக்குப் பஞ்சமில்லை. ஜாக்கெட், சுடிதார், பள்ளிச் சீருடை என்று மிஷின் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. மிஞ்சிய பிட்டுத்துணிகளைச் சேர்த்து, கட்டிலுக்கு ஒரு போர்வை தைக்கலாம் என்று உட்கார்ந்தால் கை நின்றுவிடுவது ஒரே இடத்தில்தான்: என்ன மாதிரி போடுவது?

பழைய பாணி என்றால் சதுரத்துக்குப் பக்கத்தில் சதுரம் வைத்து வரிசையாக நிரப்பிவிடலாம். புதுப் பாணியில் வெறும் துணி நிறைய இருக்கும், நிறம் குறைவாகவும் அழுத்தமாகவும் இருக்கும், இடமும் வலமும் ஒன்றுபோல இருக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. அதற்கு மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நம் ஊர்க் கருணாபுரத்து வாசலில் தொடங்கி கல்வராயன் மலை வரைக்கும் போய்வந்தால் போதும்.

செய்ய வேண்டியவை

யாருடைய கட்டிலுக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். அளவு அதிலிருந்துதான் வரும். ஒருவர் படுக்கும் கட்டிலுக்கு 60 அங்குல அகலம், 90 அங்குல நீளம் தாராளம். 10 அங்குலக் கட்டமாகப் பிரித்தால் அகலத்தில் 6, நீளத்தில் 9, ஆக 54 கட்டம். தையலுக்குச் சுற்றிலும் கால் அங்குலம் வேண்டும் என்பதால் ஒவ்வொன்றையும் பத்தரை அங்குலமாக வெட்ட வேண்டும். இந்தக் கட்டத்தை ஒரு நோட்டில் போட்டுவைத்துக்கொண்டால், இனி கண்ணில் படுகிற எதையும் அதற்குள் பொருத்திப் பார்க்கலாம்.

பீரோவையும் பரணையும் திறந்து பாருங்கள். நைந்த வேட்டி, கட்டம்போட்ட கைலி, பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் ஒதுங்கிய சீருடை, தூளி கட்டிக் கட்டி மெத்தென்று ஆன நூல் சேலை. 1983-ல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தில் பொங்கலுக்குப் பொங்கல் வந்த துணியும் பல வீடுகளில் மடிப்புக் கலையாமல் கிடக்கும். எல்லாவற்றையும் தரையில் விரியுங்கள். போனில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எது வெளிச்சம், எது இருட்டு என்று அப்போது தெரிந்துவிடும். ஒட்டுப்போர்வையின் அழகில் பெரும்பங்கு இந்த வெளிச்சம், இருட்டுக் கணக்குக்குத்தான்; சிவப்பா நீலமா என்பதெல்லாம் பிறகு.

கைலியைக் குறைவாக எடைபோட வேண்டாம். 'மெட்ராஸ்' என்ற பெயரோடு கடல் கடந்துபோன நம் கட்டத்துணியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டித் தைத்த கால்சட்டையும் கோட்டும் 1960-களில் அமெரிக்க இளைஞர்களிடம் பெரிய மோஸ்தராக இருந்தன. நான்கு கைலிகளின் கட்டங்களையும் ஒரு வெள்ளை வேட்டியையும் வைத்தே முழுப் போர்வை தைத்துவிடலாம். புதுப் பாணிக்கு அதைவிடப் பொருத்தமான கூட்டு எனக்குத் தெரியவில்லை.

காலையில் வாசலைக் கவனியுங்கள். நம்மிடம் இருக்கிற வடிவப் புத்தகங்களில் மிகப் பெரியது கோலம். ஆனால் எல்லாக் கோலமும் எல்லா வேலைக்கும் ஆகாது.

துணியை வெட்டி ஒட்டுவதற்குப் படிக்கோலம் ஏற்றது, ஏனென்றால் அதில் எல்லாம் நேர்க்கோடு. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே செம்மண் பூசுகிறோமே, அந்த வெள்ளையும் காவியும் மட்டுமே ஒரு போர்வைக்குப் போதும். முழுக் கோலத்தையும் நடுவில் வைத்தால் பழைய விரிப்பு மாதிரி ஆகிவிடும். கால்பங்கை மட்டும் எடுத்து, போர்வையின் விளிம்பைத் தாண்டிப் போகிற அளவுக்குப் பெரிதாக்கி ஒரு மூலையில் வையுங்கள். மீதி முழுக்க வெறும் துணி.

இடுக்குப்புள்ளிக் கோலம் வேறு ஒன்றைத் தருகிறது. ஏழு புள்ளி வைத்து இருபுறமும் நாலில் நிறுத்தினால் 4, 5, 6, 7, 6, 5, 4 என்று 37 புள்ளி வரும்; புள்ளிக்கூட்டத்தின் உருவம் அறுகோணம். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறுகோணத் துண்டு என்று வைத்தால் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று பொருந்தும். பழைய காலண்டர் அட்டையில் அறுகோணம் வெட்டி, துணியை அதன்மேல் மடித்து நூலோட்டி, விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கையால் தைப்பது மேல்நாட்டில் பல தலைமுறையாக நடந்துவரும் முறை. அதற்கான வரைபடம் தினமும் நம் வாசலில் இருக்கிறது.

சிக்குக் கோலத்தை வெட்ட முயல வேண்டாம். வளைவுகளில் துணி சுருக்கம் விழும். அதை டெய்லர் சாக்கால் வெறும் துணியின்மேல் வரைந்து, மேல்துணி, நடுத்துணி, அடித்துணி என்ற மூன்று அடுக்கும் சேர ஓட்டுத்தையல் போடுங்கள். நூல் சுற்றிவரும் இடம் அமுங்கி, புள்ளி இருக்க வேண்டிய இடம் லேசாக உப்பி நிற்கும்.

மரச்சிற்பம் செதுக்குகிற இடத்தில் கொஞ்சநேரம் நில்லுங்கள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. முடிந்த சிலையைவிட, பாதி வேலையில் இருக்கிற பலகை நமக்குப் பாடம். பூ மேலே எழுந்து தெரிவதற்காக உளி சுற்றியுள்ள மரத்தைத்தான் தோண்டி எடுக்கிறது. போர்வையில் வெறும் இடம் விட வேண்டியதன் காரணத்தை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர முடியாது.

மலைக்கு ஒருமுறை போய் நிறம் பொறுக்கி வாருங்கள். கச்சிராயபாளையத்தைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம். சமவெளியில் கரும்பும் கோமுகி அணைத் தண்ணீரும். மேலே மரவள்ளித் தோட்டமும் சாமைக் கொல்லையும் உழுதுபோட்ட செம்மண்ணும். பத்து நிறம் பார்த்தாலும் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கார்த்திகையில் ஒன்று, பங்குனியில் ஒன்று என்று இருமுறை போனால் ஒரே கொல்லை இரண்டு வேறு போர்வைகளைக் கொடுக்கும்.

தேர்த் திருவிழா சமயத்தில் தேரில் தொங்கும் தொம்பைகளையும் பாருங்கள். சிவப்பு, வெள்ளை, பச்சை, மஞ்சள், கறுப்பு என்று துணிமேல் துணி வெட்டி ஒட்டிய வேலை அது. எட்ட நின்றாலும் தெளிவாகத் தெரிகிறது.

பிறர் தைத்ததைப் பாருங்கள், ஆனால் முறையைப் பாருங்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் தைக்கிற கவந்தி என்ற ஒட்டுப்போர்வை, ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வரும். முன்கூட்டியே வரைபடம் கிடையாது. கையில் வருகிற துண்டு எங்கே பொருந்துகிறதோ அங்கே அதற்கு இடம். கடைசியில் நான்கு மூலையிலும் மடித்த துணியால் பூ வைத்தால்தான் அது முழுமை. 1911-ல் பாரிஸில் சோனியா டிலோனே என்ற ஓவியர் தன் கைக்குழந்தைக்காகப் பிட்டுத்துணிகளைச் சேர்த்து ஒரு தொட்டில் விரிப்பு தைத்தார். உக்ரைனில் பிறந்த அவருக்கு அந்தப் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் பார்த்த வேலை நினைவில் இருந்தது. அந்த விரிப்பு இன்று பாரிஸில் உள்ள தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இருக்கிறது. அவருடைய அரூப ஓவியங்களுக்கு அதுவே முதல்படி.

நினைவுக்காகத் தைப்பதானால் வீட்டாரிடம் கேட்டுச் செய்யுங்கள். இதைக் கருணாபுரத்தில் சொல்லாமல் போக முடியாது. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் இந்தப் பகுதியிலும் சுற்றுவட்டாரத்திலும் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அன்றாடம் கூலி வேலைக்குப் போய்வந்தவர்கள் அவர்களில் பலர். அவர்கள் உடுத்திய கைலியும் சட்டையும் சில வீடுகளில் இன்னும் இருக்கலாம்.

அப்படிப்பட்ட துணியைப் போர்வையாக்கியவர் உண்டு: அமெரிக்காவின் அலபாமாவில், ஆற்று வளைவில் இருக்கிற ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், 1942-ல் மிசௌரி பெட்வே என்ற பெண் இறந்துபோன தன் கணவருடைய வேலைத்துணிகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். அந்த ஊர்ப் பெண்கள் பலரின் முன்னோர் அதே மண்ணில் பருத்திக் காட்டு அடிமைகளாக இருந்தவர்கள். வேலைத்துணிக்கே உரிய வெளுத்த நிறங்கள்தான் அந்தப் போர்வையில். அந்த ஊரின் வேலைத்துணிப் போர்வைகள் சிலவற்றில், கால்சட்டையில் பை பிரித்த இடம் மட்டும் வெளுக்காமல் கருநீலமாகத் தெரியும். அதை மறைக்க அவர்கள் முயலவில்லை. 60 ஆண்டு கழித்து, 2002-ல், ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் தொடங்கிய ஜீஸ் பெண்ட் கண்காட்சி இப்படிப்பட்ட போர்வைகளை உலகத்தின் பார்வைக்குக் கொண்டுவந்தது.

நம் பக்கத்தில் இறந்தவர் துணியை வீட்டில் வைத்துக்கொள்ளாத குடும்பங்கள் நிறைய. அந்த வழக்கத்தை மதிக்க வேண்டும். வைத்துக்கொள்ள விரும்புகிறவர் இருந்தால், எந்தத் துணி, எவ்வளவு, யார் போர்த்திக்கொள்ளப் போகிறார்கள் என்பதை அவரே சொல்லட்டும். தைக்கிறவர் அதன்படி தைத்துக்கொடுத்தால் போதும்.

செய்யக்கூடாதவை

போனில் படம் தேடித் தொடங்காதீர்கள். பின்டரெஸ்டில் வருகிற அழகழகான போர்வைகளில் பெரும்பாலானவை பனி விழுகிற நாடுகளுக்குத் தைத்தவை. அவற்றின் உள்ளே தடித்த பஞ்சு விரிப்பு. நமக்கு மார்கழி, தை தவிர மற்ற மாதங்களில் அது வியர்வைதான். உள்ளே ஒரு பழைய நூல் சேலை, அடியில் இன்னொன்று, மேலே ஒட்டுவேலை என்று மூன்று அடுக்கு போதும். ஐந்தரை மீட்டர் சேலையில் 90 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு வரும். பக்கவாட்டில் இணைத்தால் இரட்டைக் கட்டிலுக்கே அடித்துணி ஆயிற்று. மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் இருப்பவர்கள் நடுவில் சேலையை இரண்டாக மடித்து வைத்துக்கொள்ளலாம்.

இலவம்பஞ்சைத் திணிக்க வேண்டாம். தலையணைக்கு அருமையான பொருள்தான், ஆனால் போர்வைக்குள் ஒரே பக்கம் திரண்டுவிடும்.

சாயம் போகும் துணியைச் சோதிக்காமல் சேர்க்காதீர்கள். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கறை ஒட்டினால் அந்தத் துணியைப் பலமுறை அலசி மறுபடி சோதியுங்கள். அப்போதும் விட்டால் ஒதுக்கிவிடுங்கள். கல்லுப்பு போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள், நம்ப வேண்டாம். ஒரு சிவப்புத் துண்டு, ஒரே துவைப்பில் வேட்டி வெள்ளை முழுவதையும் ரோஸ் ஆக்கிவிடும்.

பட்டு, பாலியஸ்டர், நூல்துணி மூன்றையும் கலக்காதீர்கள். சுருங்குவது ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. பொன்னாடை பளபளப்பாக இருக்கிறதே என்று வெட்டத் தோன்றும். அயர்ன் பெட்டி பட்டால் உருகும்.

சாமி படம், தலைவர் முகம் உள்ள துணி வேண்டாம். கால்மாட்டில் வரப்போகிற பொருள் இது. வீட்டுப் பெரியவர்கள் ஒருநாள் பார்த்து மடித்து உள்ளே வைத்துவிடுவார்கள்.

இருக்கிற எல்லா நிறத்தையும் ஒரே போர்வையில் கொட்டாதீர்கள். அடுத்த போர்வை ஒன்று வரும்.

பிறர் வடிவத்தை உங்களுடையது என்று விற்காதீர்கள். பயிற்சிக்குக் கவந்தி மாதிரி ஒன்று தைத்துப் பார்ப்பதில் தவறில்லை. அதற்குக் கள்ளக்குறிச்சிப் பெயர் வைத்துக் கண்காட்சியில் விலை போடுவது, அந்தச் சித்திப் பெண்களின் கூலியில் கைவைப்பது.

பெயர் போடாமல் முடிக்காதீர்கள். உலக அருங்காட்சியகங்களில் எத்தனையோ பழைய போர்வைகளுக்குக் கீழே 'தைத்தவர் பெயர் தெரியவில்லை' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அடித்துணியின் ஒரு மூலையில் உங்கள் பெயர், கருணாபுரம், ஆண்டு ஆகிய மூன்றையும் நூலால் தையுங்கள். பேனாவில் எழுதினால் சில துவைப்பிலேயே மங்கிவிடும். இரட்டை நூலில் பின்தையல் போட்டால் துணி இருக்கும்வரை இருக்கும்.