மூன்றாம் சிலிண்டர்

ஞாயிற்றுக்கிழமை காலையில், கடைகள் திறப்பதற்கு முன்பே பினாங்கு லிட்டில் இந்தியாவுக்குப் போய்விட வேண்டும். பூக்கடைகளில் மாலை கட்டத் தொடங்கியிருப்பார்கள். பாட்டுக் கடைகளின் ஒலிபெருக்கிகள் இன்னும் விழித்திருக்கமாட்டா. அந்த அமைதியில்தான் என் பெரியப்பாவின் மோரிஸ் மைனர் லெபோ பாசாருக்குள் நுழையும். எட்டிப் பார்க்கத் தேவையில்லை, ஓசையே சொல்லிவிடும்.

சென்ற ஆண்டு அந்த ஓசை மாறியது. நின்றிருக்கும்போதே வண்டி குலுங்கியது. ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுக்குச் செல்லும் ஏற்றத்தில் இரண்டாம் கியரிலும் திணறியது. ஒரு பட்டறையில் காட்டினோம். "இயந்திரம் தேய்ந்துபோய்விட்டது. போரிங் செய்ய வேண்டும். இல்லையென்றால் ஜப்பானிய இயந்திரம் ஒன்றைப் பொருத்திவிடலாம்" என்றார்கள். எதையும் அளந்து பார்க்காமல் சொன்ன தீர்ப்பு அது. அந்த மகிழுந்தை 1959இல் வாங்கியவர் பெரியப்பாவின் தந்தை. பெரியப்பா வீடு திரும்பும்வரை பேசவே இல்லை.

மோரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் பின்னாளில் மினி மகிழுந்தையும் உருவாக்கினார். 1960இல் பத்து இலட்சமாவது மைனர் தயாரானது. மலாயாவிலும் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் அதை விரும்பி ஓட்டினர். பெரியப்பாவின் வண்டியில் இருப்பது 948 சிசி இயந்திரம். அதே குடும்பத்தைச் சேர்ந்த இயந்திரங்கள் 2000ஆம் ஆண்டுவரை தயாரிக்கப்பட்டதால் உதிரிபாகங்கள் இன்றும் கிடைக்கின்றன.

அப்படியானால் போரிங் செய்வதில் என்ன தயக்கம்? பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் உருளையே சிலிண்டர். அதன் சுவர் தேய்ந்தால் உட்புறத்தைக் கடைந்து சற்றே பெரிதாக்கி, பெரிய பிஸ்டன் போடுவார்கள். இதுவே போரிங். ஆனால், சுவரின் கனத்துக்கு ஓர் எல்லை உண்டு. இவ்வகை இயந்திரத்தில் வழக்கமாக ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரைதான் கடைவார்கள். அதற்குமேல் புதிய உறை செருக வேண்டியிருக்கும். கடைந்தெடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. தேவையின்றிப் போரிங் செய்தால் இயந்திரத்தின் ஆயுளில் ஒரு பங்கு வீணாகிவிடும்.

பெரியப்பாவின் நண்பர் ஒருவர் ஓய்வுபெற்ற மெக்கானிக். அவர் ஓர் அழுத்தமானியோடு வந்தார். "முதலில் அளப்போம் அண்ணே, பிறகு அழலாம்" என்றார். இயந்திரத்தைச் சூடாக்கி, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினார். ஒவ்வொரு துளையிலும் மானியைப் பொருத்தினார். பெரியப்பா ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றினார். சதுர அங்குலத்துக்கு 148, 150, 95, 146 பவுண்டு. மூன்றாம் சிலிண்டர் மட்டும் தனித்து நின்றது.

அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தார். பிஸ்டன் ரிங்குகளோ சுவரோ தேய்ந்திருந்தால், எண்ணெய் இடைவெளியை அடைத்து அழுத்தத்தை நன்றாக உயர்த்தும். மானி நூறைத் தாண்டவில்லை. ஆக, காற்று கீழே கசியவில்லை, மேலே கசிகிறது. ஹெட் கேஸ்கட் கிழிந்திருக்கலாமோ என்று கேட்டேன். சிலிண்டர்களுக்கு நடுவே கிழிந்திருந்தால் அடுத்த சிலிண்டரும் சேர்ந்தே படுத்திருக்கும் என்றார். எஞ்சியது வால்வு.

இயந்திரம் ஆறியதும் வால்வு இடைவெளியைப் பார்த்தார். 0.012 அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர், இருக்க வேண்டும். மூன்றாம் சிலிண்டரின் புகைபோக்கி வால்வில் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. சத்தம் போடும் வால்வைக் கண்டுதான் நாம் பயப்படுகிறோம். உண்மையில், இடைவெளி இல்லாமல் மௌனமாக இருக்கும் வால்வே அதிக ஆபத்தானது. அது முழுமையாக மூடுவதில்லை. வெப்பத்தை இருக்கைக்குக் கடத்த முடியாமல் விளிம்பு கருகுகிறது. இடைவெளியைச் சரிசெய்து மறுபடி அளந்தார். அழுத்தம் ஏறவில்லை. இனி ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும்.

கழற்றினோம். வால்வின் விளிம்பில் நகக்கீறல் போல் ஒரு பள்ளம். அதன் இருக்கையும் உள்வாங்கியிருந்தது. அக்காலப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் வால்வு இருக்கைகளுக்குக் காப்பாக இருந்தது. ஈயம் மக்களின் உடல்நலத்துக்குக் கேடு என்பதால் பின்னர் நீக்கப்பட்டது. நல்ல முடிவுதான். ஆனால், பழைய வார்ப்பிரும்பு இருக்கைகள் அந்தக் காப்பை இழந்தன. போதாக்குறைக்கு, இந்த இயந்திரத்தில் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் புகை ஒரே துவாரம் வழியாக வெளியேறுகிறது. நடுவில் சூடு அதிகம்.

சிலிண்டர் சுவர்களையும் அளந்தார். தேய்மானம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு மட்டுமே. அதைத் தொடவில்லை. நான்கு புகைபோக்கி வால்வுகள், அவற்றின் வழிகாட்டிக் குழாய்கள், கடினப்படுத்திய எஃகு இருக்கைகள், ஒரு புதிய கேஸ்கட் ஆகியவற்றை மட்டுமே மாற்றினோம். லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளில் உளுத்த உத்திரத்தை மட்டும் மாற்றுவார்களே, அதுபோலத்தான்.

ஹெட்டின் நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி, வெளிப்புறம் நோக்கி, வரிசை தவறாமல் சிறிது சிறிதாக முறுக்கினார். மூன்றாம் சிலிண்டர் இப்போது 147 காட்டியது. "ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுவாங்க அண்ணே. நட்டுகளை மறுபடி முறுக்கி, வால்வு இடைவெளியையும் பார்க்கணும்" என்று சொல்லி, தேதியையும் ஓட்டமானியின் எண்ணையும் ஓர் அட்டையில் எழுதிப் பெரியப்பாவிடம் கொடுத்தார்.