நறுமணம் நிலைபெறுமாறு

காலையிற் பூசிய நறுமணம் நண்பகல் மணி அடிக்குமுன்னரே மறைந்துபோதலை நம்முள் அறியாதார் இலர். அதுகண்டு சிலர், "வாங்கிய சரக்குப் போலி" என்று வணிகனை நோவர். வேறு சிலர் புட்டியைக் கவிழ்த்து மேலும் மேலும் பூசுவர். இவ்விரண்டும் பெரும்பாலும் பிழையே. மணம் ஏன் அகலுகின்றது, அதனை நெடும்பொழுது நிறுத்துமாறு எங்ஙனம் என்னும் இரண்டினையும் இக்கட்டுரையிற் சுருங்க ஆராய்வாம்.

மணமென்பது யாது? ஒரு பொருளினின்று ஆவியாய்ப் பிரிந்து வரும் நுண்ணிய மூலக்கூறுகள் நம் மூக்கினை எய்துங்கால் அதனை மணமென உணர்கின்றோம். ஆகவே, பறவாத பொருளுக்கு மணம் இல்லை. விரைந்து பறக்கும் பொருளுக்கு நிலைபேறு இல்லை. நறுமணங் கூட்டுவோரின் இடர்ப்பாடு முழுதும் இம்முரணில் அடங்கும். எலுமிச்சை, ஆரஞ்சு முதலியவற்றின் தோலெண்ணெயிலுள்ள லிமொனீன் ஏறத்தாழ 176 பாகை செண்டிகிரேடு வெப்பத்திற் கொதிப்பது. சந்தன எண்ணெயிலுள்ள சாண்டலாலோ 300 பாகையளவில் கொதிப்பது. அதனால் உடலின் சிறு சூட்டில் முன்னது விரைந்து பறக்க, பின்னது மெல்ல மெல்லவே ஆவியாம். ஒரு கலவையில் முதலில் எழுவதை முதன்மணம் என்றும், அடுத்து எழுவதை இடைமணம் என்றும், இறுதிவரை நிற்பதை அடிமணம் என்றும் கூறலாம். முதன்மணம் சில நிமிடங்களிற் போம்; இடைமணம் சில மணி நேரம் நிற்கும்; அடிமணமே மாலைவரை உடனிருப்பது.

கலவையின் செறிவும் ஈண்டு நோக்கற்பாலது. கொலோன் நீரில் நூற்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 5 பங்கே மணப்பொருள்; எஞ்சியவை சாராயமும் நீருமாம். அதன் மணமும் பெரும்பாலும் எலுமிச்சை இனத்தது. அஃது ஓரிரு மணியில் மறைதல் அதன் இயல்பேயன்றிக் குற்றமன்று. 20 பங்கிற்கு மேற்பட்ட மணப்பொருள் கொண்ட செறிந்த வகையோ நாள் முழுதும் நிற்கும்.

எளிதிற் பறக்கும் மணத்தை எளிதிற் பறவாததொன்றுடன் பிணைத்தலே முன்னோர் கண்ட வழி. வடநாட்டுக் கன்னோசி நகரில் அத்தர் வடிப்போர், மலரையும் நீரையும் செப்புப் பாண்டத்திலிட்டு, வாயை மண்ணால் அடைத்துக் காய்ச்சுவர். எழும் ஆவி மூங்கிற் குழாய்வழிச் சென்று, குளிர்ந்த நீரில் அமிழ்த்திய மற்றொரு கலத்தைச் சேரும். அக்கலத்தில் முன்னரே சந்தன எண்ணெய் இருக்கும். மலரின் மணம் அதனுட் புகுந்து தங்கிவிடும். சந்தனத்தின் விலையேற்றத்தால் இக்காலத்தில் வேறு எண்ணெய்களைப் பயன்படுத்துவாரும் உளர்.

நம் சிலப்பதிகாரத்தும் இம்முறையின் சாயலைக் காணலாம். கடலாடு காதையில் மாதவி, பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீரில், வாசநெய் பூசிய கூந்தலை ஆட்டுகின்றாள். பின் நறும்புகையில் உலர்த்துகின்றாள். அதன்பின் மான்மதக் குழம்பை ஊட்டுகின்றாள். நெய், நீர், புகை, மான்மதம் என மணம் அடுக்கடுக்காய் ஏறுதலைக் காண்க. நெய் மணத்தைப் பற்றி நிறுத்தும். இறுதியில் வந்த மான்மதமோ மிக மெல்ல ஆவியாவது. இதனை வெற்று அலங்கார வருணனை என்று கடந்து போதல் தகுமோ?

இனி, நாம் செய்யத்தக்கன சில. உலர்ந்த தோலில் மணம் நில்லாது. ஆதலின் நீராடி, ஈரம் முற்றும் புலராமுன், மணமற்ற எண்ணெயோ வாசலினோ சிறிது தடவி, அதன்மேற் பூசுக. மணிக்கட்டு, கழுத்து, முழங்கையின் உட்புறம் ஆகிய இளஞ்சூடுள்ள இடங்கள் ஏற்றன. பூசியபின் மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று உரசற்க. உரசின் முதன்மணம் விரைந்து போம். ஆடையிலும் சிறிது தெளிக்கலாம். தோலினும் நூலிழை மணத்தை நெடிது தாங்கும். ஆயின் பட்டும் வெள்ளாடையும் கறைபடும். முதலில் ஓர் ஓரத்திற் சோதித்துக் கொள்க. புட்டியைச் சன்னலோரத்தில் வையாது, இருண்ட குளிர்ந்த இடத்தில் மூடிவைக்க. முதல் நூற்றாண்டு உரோம அறிஞர் பிளினி, தைலங்களுக்கு வெயில் பகை என்றும், வெள்ளைக்கற் கலமே அவற்றைக் காக்கச் சிறந்தது என்றும் எழுதினார். நற்செய்தி நூலில் நளத தைலம் வெள்ளைக்கல் பரணியில் வந்ததன் காரணம் இதனால் விளங்கும்.

இவையெல்லாவற்றினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. மணம் மறைந்ததெனத் தோன்றும்போது, பலகால் மறைந்தது மணமன்று. அயர்ந்தது நம் மூக்கே. ஒரே மணத்தை இடையறாது நுகரும் மூக்கு சிறிது நேரத்தில் அதனை உணராதொழியும். அயலில் இருப்பாரோ நன்கு உணர்வர். இதனை யான் கற்றது நூலினாலன்று. முதலாண்டில், ஒரு பேச்சுப் போட்டி நாளில், மணம் போயிற்றென்று எண்ணி மும்முறை பூசிச் சென்றேன். அருகிருந்த நண்பர் இடையில் எழுந்து வெளியே போயினர். என் பேச்சு அவருக்குச் சுவைக்கவில்லை போலும் என்று உள்ளூர வருந்தினேன். மாலையிற் கேட்டபோதுதான், அவர் இழுப்பு நோயுடையார் என்பதும், என் நறுமணம் அவர் மூச்சைத் தடுத்ததென்பதும் தெரிந்தன. அவர் என்னைக் கடிந்திலர். அதுவே என்னை மிக நாணச் செய்தது.

ஆகவே, மீண்டும் பூசுமுன் அருகிலுள்ளார் ஒருவரைக் கேட்டல் நலம். நறுமணம் நெடிது நிற்க விரும்புதல் தவறன்று. நமக்கு இனியது பிறர்க்கு இன்னாததாகாமற் காத்தலும் அக்கலையின் ஒரு பகுதியே. பொருளறிந்து, இடமறிந்து, அளவறிந்து பூசுவார்க்கு ஒரு துளியே மாலைவரை போதும்.