மலைவழியும் காலமும்

குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும் எனத் தொல்காப்பியம் வகுத்ததை மனனஞ் செய்திருக்கின்றோம். நம் தென்னாட்டு மலைகளின் கிழக்குச் சரிவில் ஏற விரும்புவோர் அவ்விரண்டனுள் முன்பனியையே கொள்க. ஐப்பசி கார்த்திகையாகிய கூதிரில் வடகீழ்ப் பருவமழையால் காட்டாறு பெருகும், மண் சரியும். மார்கழி, தையிலோ மழை தணிந்திருக்கும். புல்லும் முற்ற உலர்ந்திராது. கிறிஸ்துமஸ் விடுமுறை இதற்கு வாய்த்த காலம். (சிறுபொழுதாகிய யாமம் அகத்திணைத் தலைவனுக்கே உரியது, நாம் பொழுது சாயுமுன் இறங்கிவிடுதல் நன்று!)

மாசி பிறந்தபின் அப்புல்லே எரிபொருளாகின்றது. தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11ஆம் நாள் மூண்ட காட்டுத்தீயிற் சிக்கி, மலையேறச் சென்றாருள் இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். சரிவில் தீ மேல்நோக்கியே விரையும். சுவாலை தனக்கு மேலுள்ள புல்லை முன்னரே காய்ச்சி உலர்த்திவிடுகின்றதன்றோ? ஆதலின் உச்சியை நோக்கி ஓடுவோனைத் தீ எளிதில் முந்தும். தீக்காலத்தில் வனத்துறையார் வழிகளை அடைப்பது இதுபற்றியே.

வழியின் கடுமையை மைல்கணக்கால் மட்டும் அளத்தல் போதாது. மூன்று மைலுக்கு ஒரு மணியும், ஏறும் ஒவ்வோர் 2,000 அடிக்கும் மேலும் ஒரு மணியும் கூட்டுக என 1892இல் ஸ்காத்லாந்தினராகிய நெயிஸ்மித் கணக்கு வகுத்தார். அது நன்கு நடப்பார்க்கு உரிய கணக்கு; நம்மனோர் இன்னுஞ் சிறிது கூட்டிக்கொள்ளல் வேண்டும். கூட்டிப் பார்த்து மாலைக்குள் மீளவியலாதெனின், அவ்வழி வேண்டா. புறப்படுமுன் வழியையும் மீளும் நேரத்தையும் எழுதி விடுதியிற் கொடுத்துச் செல்க.