பழைய படத்தின் பின்னணியைப் பாருங்கள்

மாணவர்களே, வெள்ளைச் சுவர், அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு மரச்சட்டங்கள், சரிந்த கூரை, புகைபோக்கி. இப்படி ஒரு வீட்டின் கறுப்பு வெள்ளைப் படம் உங்களுக்குக் கிடைத்தால் அது எந்த ஊர் என்பீர்கள்? இங்கிலாந்துக் கிராமம் என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் அது தானா ராத்தாவில் 1937இல் கட்டப்பட்ட ஸ்மோக்ஹவுஸ் விடுதியாகவும் இருக்கலாம். இங்கிலாந்து நாட்டுப்புற வீட்டின் சாயலிலேயே அதைக் கட்டினார்கள்.

வீட்டை விட்டுவிட்டு அதன் பின்னால் பாருங்கள். காட்டு ஓரத்தில் மரப்பெரணிகள் குடைபோல் விரிந்து நின்றால், அது நம் கேமரன் மலை என்பதற்கு நல்ல சான்று. கட்டடத்தைப் பார்த்து ஏமாறலாம். பின்னணி பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடும்.

படம் சான்றான கதை

இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நெகட்டிவ், 1835இல் இங்கிலாந்தின் லேக்காக் கிராமத்தில் எடுக்கப்பட்டது. வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் தம் வீட்டுச் சன்னலையே படமாக்கினார். 1897இல் பெஞ்சமின் ஸ்டோன் என்பவர், இங்கிலாந்தின் பழைய கட்டடங்களையும் கிராம வழக்கங்களையும் வருங்காலத்தினருக்காகப் படமெடுத்து வைக்க ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1888இல், ஜெர்மானியக் கணித அறிஞர் செபாஸ்டியன் ஃபின்ஸ்டர்வால்டர் ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகளைப் படமெடுக்கத் தொடங்கியிருந்தார். ஒரே இடத்தில் நின்று சில ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுத்தால், பனி எவ்வளவு மாறியது என்று ஒப்பிடலாம் அல்லவா? இதற்கு ‘மறுபடப்பிடிப்பு’ என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

கியா பார்மில் எடுத்த பழைய படம் ஒன்று உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். படமெடுத்தவர் எங்கே நின்றார்?

படத்தில் அருகிலுள்ள ஒரு பொருளையும் தொலைவிலுள்ள ஒரு பொருளையும் தேர்ந்தெடுங்கள். ஒரு கட்டடத்தின் மூலை, அதற்கு நேர் பின்னே ஒரு மலையுச்சி என்று இருக்கட்டும். 20 மீட்டர் தொலைவிலுள்ள மூலை, நீங்கள் ஒரு மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் ஏறக்குறைய 3 பாகை விலகித் தெரியும். 2,000 மீட்டர் தொலைவிலுள்ள மலையுச்சியோ 0.03 பாகைதான் விலகும். அதாவது, மலை அப்படியே நிற்க, மூலை மட்டும் நகர்வதுபோல் தோன்றும். இதுவே இடமாறு தோற்றம்.

இரண்டும் படத்தில் உள்ளபடியே நேர்கோட்டில் வரும்வரை நகருங்கள். படமெடுத்தவர் நின்ற கோடு கிடைத்துவிட்டது. இன்னொரு சோடிப் பொருள்களைக் கொண்டு இரண்டாவது கோட்டைக் கண்டுபிடியுங்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளியில்தான் கேமரா இருந்தது. கடைகளும் கூரைகளும் மாறியிருக்கலாம். மலைமுகடு எளிதில் மாறாது. ஆகவே முகட்டிலிருந்து தொடங்குங்கள்.

அளந்து பாருங்கள்

அதே இடத்தில் புதிய படம் எடுங்கள். இரண்டு படங்களையும் ஒரே அளவில் அச்சிட்டு, ஒவ்வொன்றின் மேலும் 10 வரிசை, 10 நிரல் என 100 கட்டங்கள் வரையுங்கள். காடு, தேயிலை, காய்கறித் தோட்டம், நெகிழிக் கூரை, வெற்று மண் ஆகியவை எத்தனை கட்டங்களில் உள்ளன என்று எண்ணுங்கள். பழைய படத்தில் காடு 62 கட்டம், புதியதில் 41 என்றால் 21 கட்டம் குறைந்திருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். அருகில் இருப்பது படத்தில் பெரிதாகத் தெரியும். எனவே 21 கட்டம் என்பது படத்தின் பங்கே தவிர, நிலத்தின் பரப்பளவு அல்ல. வேறு இடத்தில் நின்று எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் கணக்கே தவறிவிடும்.

இதனால் என்ன பயன்? கியா பார்ம் 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. இம்மலைச் சரிவுகளில் செடி கொடிகள் அகன்றால் மழை மண்ணை அரித்து ஆற்றில் சேர்க்கும். 1960களில் கட்டப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் வண்டல் சேர்வது நெடுநாள் சிக்கல். வண்டல் நிறைந்தால் வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளும் இடம் குறையும். 2013 அக்டோபரில் கனமழையின்போது அணை நீர் திறந்துவிடப்பட்டு, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பலியாயின. எந்தச் சரிவு எப்போது வெறுமையானது என்று காட்டும் ஒவ்வொரு படமும் இங்கே சான்றுதான்.

உங்கள் வீட்டில் தேடுங்கள்

தோட்டத்துத் திருவிழா, திருமணம், லயத்து வாசலில் தாத்தா பாட்டி நிற்கும் படம். அவர்களுக்குப் பின்னால் தெரியும் மலையை யாரும் படமெடுக்க நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அது பதிவாகியிருக்கிறது.

பழைய படங்களின் மேற்பூச்சில் ஜெலட்டின் இருக்கிறது. ஈரப்பதத்தில் பூஞ்சணம் அதை உண்டு வளரும். ஆகவே ஈரத்துணியால் துடைக்காதீர்கள், கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். நிழலில் வைத்து, பிளாஷ் இல்லாமல் கைப்பேசியில் நகல் எடுங்கள். எந்த இடம், எந்த ஆண்டு என்று பெரியவர்களைக் கேட்டு, பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதி வையுங்கள். கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள். படத்தை நகலெடுக்க நாளைக்கும் முடியும். அந்த இடத்தை அடையாளம் காட்டக்கூடியவர் என்றைக்கும் இருக்கமாட்டார்.