நான்கு சீட்டுகள்

குடியைப் பற்றிக் கல்லூரி மலரில் கட்டுரை எழுதுவதென்றால் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் தொடங்கி மதுவிலக்கில் முடிப்பது வழக்கம். நானும் அவ்வாறு எழுதத்தான் அமர்ந்தேன். ஆனால் எங்கள் பெரியப்பாவின் மஞ்சள் பையில் கிடந்த நான்கு மருத்துவச் சீட்டுகள் என்னை வேறு வழியில் இழுத்துச் சென்றுவிட்டன. குடிப்பது சரியா தவறா என்பதன்று இங்கே என் கேள்வி. குடியோடு வேறு நோய்களும் உடற்குறையும் ஒன்றாய்ச் சேர்ந்து வாட்டும் ஒருவருக்கு உதவும் பொறுப்பை யார் ஏற்பது என்பதே கேள்வி.

பெரியப்பா மண்டியில் மூட்டை தூக்கியவர். ஏழு வயதில் வந்த காய்ச்சலில் செவி போயிற்று. பேச்சு ஓரளவு உண்டு, எழுத்தறிவு இல்லை. இளமையிலேயே குடி பழகிற்று. நாற்பதைத் தாண்டியபின் வலிப்பும், அதன் பின்னர்க் காசநோயும் வந்தன. மருத்துவமனையிலோ வலிப்புக்கு ஒரு வரிசை, காசநோய்க்கு ஒரு வரிசை, குடிக்கு மனநலப் பிரிவில் ஒரு வரிசை, காதுக்கு ஒரு வரிசை. ஆள் ஒருவர், சீட்டு நான்கு. ஒன்றில் எழுதியதை மற்றொன்றை எழுதியவர் பார்த்ததில்லை.

இதனால் விளைந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வலிப்புக்கு அவருக்குக் கொடுத்தது ஃபெனிடாயின். காசநோய் மருந்துகளுள் ஒன்று ஐசோநியாசிட். குடியை நிறுத்தக் கொடுத்தது டைசல்ஃபிரம். இந்த மூன்றாவது மருந்தை உட்கொண்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுப்பார். அந்த அச்சத்தாலேயே குடியைத் தவிர்ப்பார் என்பது கணக்கு. 1948 இல் டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் இதன் பயனை உலகுக்கு அறிவித்தனர். தனியே, தக்க ஆளுக்கு, அவர் அறியக் கொடுத்தால் நல்ல மருந்துதான். (அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் வீடுகளும் உண்டு. அது உயிருக்கே ஆபத்து.) ஆனால் டைசல்ஃபிரம், ஃபெனிடாயின் உடலை விட்டு நீங்காதபடி தடுத்து இரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். ஐசோநியாசிடும் சிலரிடம் அதையே செய்யும். ஃபெனிடாயின் மிகுந்தால் நடை தள்ளாடும், நாக்குக் குழறும். டைசல்ஃபிரமும் ஐசோநியாசிடும் சேர்ந்தால் மனக்குழப்பமும் வரலாம்.

தள்ளாட்டம், குழறல், குழப்பம்! பார்ப்பவர் என்ன நினைப்பார்? ஒரு காலை நான் பெரியப்பாவை அழைத்துச் சென்றபோது, “குடித்துவிட்டு வந்தால் பார்க்க மாட்டோம், தெளிந்ததும் கூட்டி வா” என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றோடு அவர் குடித்துப் பதினொரு நாள் ஆகியிருந்தது. நானே சாட்சி. சொன்னேன்; யாரும் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், வீடு திரும்பும் பேருந்தில் எனக்கே ஓர் ஐயம் எழுந்தது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

“முதலில் குடியை நிறுத்திவிட்டு வா” என்ற சொல்லையும் ஆராய வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் இல்லாதவை கண்ணில் தெரிந்து பிதற்றும் நிலை ஏற்படலாம். கவனிக்காவிட்டால் அதில் உயிரும் போகலாம். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டிய ஒன்றை வீட்டிலேயே நிறுத்திவிட்டு வரச் சொல்வது, காலை முறித்துக்கொண்டவரிடம் நடந்து வந்தால் கட்டுப் போடுகிறேன் என்பது போன்றது. ஏற்கெனவே வலிப்பு உள்ளவருக்கோ ஆபத்து இருமடங்கு.

மனநலப் பிரிவுச் சீட்டில் “ஒத்துழைப்பு இல்லை” என்று ஒரு வரி இருந்தது. அங்கே குழு ஆலோசனை நடக்கும். இருபது பேர் வட்டமாக அமர்ந்து தத்தம் கதையைச் சொல்வார்கள். 1935 இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரு குடிநோயாளிகள் தொடங்கிய சங்கம் உலகெங்கும் பரப்பிய முறை இது. எத்தனையோ பேரைக் கரையேற்றியிருக்கிறது. ஆனால் சொல்வதும் கேட்பதுமே அதன் உயிர். காது கேளாத பெரியப்பா மூன்று வாரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு, நான்காம் வாரம் போகவில்லை. ஒத்துழைக்காதது யார்?

இவ்வளவு தூரம் வந்ததே பெரிது என்பதை 2019 இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை எனக்கு உணர்த்தியது. இந்தியாவில் மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஓர் உதவி பெற்றதாகவும், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவரே என்றும் அது கூறுகிறது. சட்டத்தில் குறையில்லை. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் காரணமான மனநிலைக் கேடுகளையும் மனநோய் என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. சட்டத்திலிருந்து வரிசை வரை வரும் வழியில்தான் எல்லாம் தொலைகிறது.

நிபந்தனையின்றி ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பதை வேறு நாடுகளில் சோதித்திருக்கிறார்கள். தெருவில் வாழும், மனநோயும் போதைப் பழக்கமும் ஒருங்கே உடையவர்களுக்கு, பழக்கத்தை விட்டால்தான் வீடு என்னாமல் வீட்டை முதலில் கொடுக்கும் முறை 1992 இல் நியூயார்க்கில் தொடங்கிற்று. கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு இதை ஆராய்ந்தனர். வீடு பெற்றவர்கள் பெரும்பாலும் வீட்டிலேயே நிலைத்தார்கள். போதைப் பழக்கம் குறைந்ததில் மட்டும் பெரிய வேறுபாடில்லை. இதைத் தோல்வி என்பாரும் உளர். தெருவில் கிடந்தவர் கூரையின் கீழ் உறங்குவதைத் தோல்வி என்று கொள்ள என்னால் இயலவில்லை. நம் பக்கத்திலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980 இல் தொடங்கிய சிகிச்சை நிறுவனம், 1989 இல் இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் முகாம் அமைத்து, நோயாளியைத் தேடிக் கிராமத்துக்கே சென்றது.

பெரியப்பாவின் பொறுப்பை ஏற்றவர் பெரிய மருத்துவர் அல்லர். காசநோய் மாத்திரை விழுங்கினாரா என்று பார்க்க வீட்டுக்கு வரும் பணியாளர் அக்கா. அவர்தான் நான்கு சீட்டுகளையும் திண்ணையில் பரப்பி, எல்லா மருந்துகளையும் ஒரே தாளில் எழுதினார். அந்தத் தாளோடு எங்களை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். டைசல்ஃபிரம் நின்றது, இரத்தப் பரிசோதனைக்குப் பின் ஃபெனிடாயின் அளவு குறைந்தது, சில வாரங்களில் நடை நேரானது. ஆலோசனையும் தனியாக, பெரியம்மா கை ஜாடையில் விளக்க, அரைமணி நேரம் நடந்தது.

காசநோய் குணமாகிவிட்டது. குடி முற்றிலும் நிற்கவில்லை. தினமும் குடித்தவர் இப்போது கூலி கிடைக்கும் சனிக்கிழமைகளில் குடிக்கிறார். அதையும் மறைக்காமல் அக்காவிடம் விரலை நீட்டிக் கணக்குச் சொல்கிறார். அவரும் திட்டாமல் எழுதிக்கொள்கிறார்.

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் இவ்வாண்டும் மது ஒழிப்பு ஊர்வலம் உண்டு என்கிறார்கள். முழக்க அட்டைகளோடு கொஞ்சம் வெள்ளைத்தாளும் எடுத்துச் செல்வோம். ஒருவருக்கு ஒரு தாள்: என்னென்ன நோய், என்னென்ன மருந்து, கடைசியாகக் குடித்தது எப்போது, காது கேட்குமா, படிக்கத் தெரியுமா, உடன் வர யார் இருக்கிறார்கள். எழுதியபின் அவரோடு மருத்துவமனை வரை செல்ல ஒரு மாணவரும் வேண்டும். முதல் பெயராக என்னுடையதைப் பேராசிரியரிடம் கொடுத்திருக்கிறேன்.