போர்டு எழுதும் கடை

கடைத்தெருவில் நடந்து பாருங்கள். எத்தனை போர்டுகள்! கொழிஞ்சாம்பாறையிலும் மூணாறிலும் குமுளியிலும் பல போர்டுகளில் மலையாளமும் இருக்கும், தமிழும் இருக்கும். எழுத்துத் தெரியாத நாளில் அவை வெறும் கோடுகள். இன்று நாம் அவற்றைப் படிக்கிறோம்.

இவற்றை எழுதுபவர் யார்? அவர் எப்படிப் பிழைக்கிறார்?

முன்பு ஓவியர் பிரஷ் பிடித்து எழுதினார். தகரத்தில் எழுதினார். துணியில் எழுதினார். சுவரில் எழுதினார். தேர்தல் வந்தால் இரவும் பகலும் வேலை. நெம்மாறை வேலைத் திருவிழா வந்தால் வேலை. சபரிமலைக் காலம் வந்தால் குமுளியில் வேலை. மழைக்காலத்தில் வேலை இல்லை.

2000-க்குப் பிறகு பிளக்ஸ் பரவியது. கையால் பேனர் எழுத ஒரு நாள் ஆகும். எந்திரம் சில நிமிடத்தில் அச்சடித்துவிடும். விலையும் குறைவு. பல ஓவியர்கள் பிரஷைக் கீழே வைத்தார்கள். வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கப் போனார்கள். சிலர் கம்ப்யூட்டர் கற்றார்கள். கடன் வாங்கி பிளக்ஸ் கடை போட்டார்கள்.

பிளக்ஸ் என்பது பி.வி.சி. பூசிய துணி. அது மண்ணில் மக்காது. எரித்தால் நச்சுப் புகை வரும். அதனால் 2019 ஆகஸ்டில் கேரள அரசு பி.வி.சி. பிளக்சுக்குத் தடை விதித்தது. 2022 ஜூலை 1 முதல் 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பேனர்களுக்கு நாடு முழுவதும் தடை வந்தது. பிளக்சை மட்டும் நம்பியிருந்த கடைகளுக்கு அடி விழுந்தது. துணி பேனருக்கு மீண்டும் மதிப்பு வந்தது.

வேறு அடிகளும் உண்டு. 2018-இல் மூணாறு மலையில் குறிஞ்சி பூத்தது. அது 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். நிறையப் பயணிகள் வருவார்கள் என்று விடுதிகளும் கடைகளும் காத்திருந்தன. ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தது. மலைப்பாதைகள் இடிந்தன. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. திருவிழா இல்லை, கல்யாணக் கூட்டம் இல்லை. போர்டு எழுதும் வேலையும் இல்லை.

இந்தத் தொழிலில் ஏற்றமும் இறக்கமும் இப்படித்தான் வரும். வெள்ளத்தை நாம் தடுக்க முடியாது. ஆனால் சில நட்டங்களைத் தடுக்கலாம். எப்படி?

முதலமடைப் பக்கம் ஓர் ஓவியர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது மாம்பழம் விளையும் ஊர். ஒரு பழ வியாபாரி போர்டு கேட்டார். ஓவியர் அவசரமாக எழுதினார். அவர் மனைவி எழுத்தறிவு வகுப்பில் படித்தவர். அவர் போர்டை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஏங்க, இதிலே 'மாம்பலம்'னு இருக்கே. மாம்பலம் சென்னையிலே இல்ல இருக்கு!"

ஓவியர் திகைத்தார். 'ழ' வரவேண்டிய இடத்தில் 'ல' இருந்தது.

"நல்லவேளை, பெயிண்ட் காயலே" என்று துடைத்தார்.

அன்று ஒரு தகரம் மிஞ்சியது. கடையின் பெயரும் மிஞ்சியது. அதுமுதல் மனைவி படிக்காமல் எந்தப் போர்டும் வெளியே போவதில்லை.

மனைவி கணக்கு நோட்டும் தொடங்கினார். பத்தடி நீளம், மூன்றடி அகலம் உள்ள துணி பேனர் ஒன்றுக்குக் கணக்குப் போட்டார்.

துணி – 350 ரூபாய்
பெயிண்ட் – 200 ரூபாய்
வண்டிச் செலவு – 100 ரூபாய்
கடை வாடகை, கரண்ட் (இந்த வேலையின் பங்கு) – 150 ரூபாய்
ஒரு நாள் கூலி – 900 ரூபாய்
மொத்தம் – 1,700 ரூபாய்

ஓவியர் இதுவரை 1,500 ரூபாய்தான் வாங்கினார். துணிக்கும் பெயிண்டுக்கும் போக மிச்சம் எல்லாம் லாபம் என்று நினைத்தார். தன் கூலியில் 200 ரூபாயை ஒவ்வொரு பேனருக்கும் இழந்தார். நோட்டு வந்த பிறகுதான் அது தெரிந்தது.

இன்னொரு நட்டமும் நோட்டில் தெரிந்தது. ஒரு விழாக் கமிட்டி பாக்கி வைத்திருந்தது. விழா முடிந்து ஆறு மாதம் ஆகியும் பணம் வரவில்லை. "எழுதிக் கொடுத்தீர்களா?" என்று கேட்டால் காட்ட ஒரு சீட்டும் இல்லை.

இப்போது அந்தக் கடையில் மூன்று வழக்கங்கள் உண்டு.

1. வாசகத்தை முதலில் தாளில் எழுதுவார்கள். வாடிக்கையாளர் படித்துக் கையெழுத்துப் போடுவார். பிறகுதான் பெயிண்ட்.
2. பாதிப் பணம் முன்பணம். மீதி, போர்டு தரும்போது. இரண்டுக்கும் ரசீது உண்டு.
3. நல்ல மாதத்தில் ஒரு பங்கு வங்கியில் போடுவார்கள். மழை மாதத்துக்கு அது உதவும்.

இவர்களைப் போன்ற சிறு தொழிலுக்கு வங்கியில் முத்ரா கடன் உண்டு. இது 2015-இல் தொடங்கியது. இதில் 'சிசு' என்னும் பிரிவில் 50,000 ரூபாய் வரை கிடைக்கும். ஈடு வைக்க வேண்டாம். ஆனால் இதுவும் கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டும். எத்தனை மாதம் வேலை இருக்கும், எத்தனை மாதம் இருக்காது என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள். தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கை எழுதும் அழகு ஒரு பாதி. கணக்கு எழுதும் பழக்கம் மறு பாதி. இரண்டும் சேர்ந்தால் கடை நிற்கும்.

பயிற்சி

1. உங்கள் ஊரில் ஐந்து போர்டுகளைப் படியுங்கள். பிழை உண்டா? சரியாக எழுதுங்கள்.
2. பலம், பழம், பள்ளம் – வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள்.
3. அந்தப் பேனரை 2,000 ரூபாய்க்கு விற்றால் லாபம் எவ்வளவு? முன்பணம் எவ்வளவு?
4. உங்கள் தொழிலில் எந்த மாதம் ஏற்றம்? எந்த மாதம் இறக்கம்? குழுவில் பேசுங்கள்.